சாப்பிடப்படாத மயில்: குழந்தைகளுக்குக் காய்த்தட்டு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கை மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு மயில் செய்தேன். பெரிய எவர்சில்வர் தாம்பாளம், அதில் வாழையிலை, இலை மேல் வெள்ளரிக்காயும் கேரட்டும் வில்லை வில்லையாக அடுக்கிய தோகை. உடம்புக்குக் குடைமிளகாய், கண்ணுக்கு ஒரு கறுப்பு திராட்சை, காலடியில் கிண்ணத்தில் தயிர் டிப். இரண்டு மணி நேர வேலை. வந்த பெரியவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களே தவிர, யாரும் கை வைக்கவில்லை. "எடுத்துக்கோடா கண்ணா" என்றேன். பக்கத்து வீட்டுப் பொடியன் என்னை நிமிர்ந்து பார்த்து, "இறகைப் பிச்சா அதுக்கு வலிக்கும்ல?" என்றான்.

கேக் வெட்டி முடிந்து பார்த்தால் தயிரில் தண்ணீர் மிதக்கிறது, வில்லைகளின் ஓரம் காய்ந்து வெளுத்துவிட்டது. திராட்சைக் கண்ணை மட்டும் காணோம்.

அந்த ஒரே தட்டில் நான் செய்யாத தவறு அநேகமாக இல்லை. அடுத்த வருடம் அதே வீட்டில், அதே பிள்ளைகளுக்குச் சரக்கு ரயில் செய்தேன். கால் மணி நேரத்தில் பெட்டிகள் காலி.

சிலை செய்துவிடுவது

முதல் தவறு உருவத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே இருக்கிறது. மயில், பொம்மை முகம், பட்டாம்பூச்சி எல்லாம் பார்க்க அழகு. ஆனால் முதல் துண்டை எடுத்ததும் உருவம் ஓட்டையாகிவிடும். பிள்ளைகளுக்கு அது கெடுப்பதாகத் தோன்றுகிறது. துணிந்து எடுக்கிற குழந்தை கண்ணையும் மூக்கையும்தான் எடுக்கும். பிறகு குருட்டு மயிலை யார் தொடுவார்கள்?

சரக்கு ரயிலில் அந்தத் தயக்கமே வராது. பெட்டியில் ஏற்றியதை இறக்குவதுதானே விளையாட்டு! குடைமிளகாயைப் படுக்கவைத்து மேல்பக்கம் ஒரு சீவு சீவி, விதையை வழித்தெடுத்தால் அது ஒரு பெட்டி. அடியில் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்துவிட்டால் உருளாமல் உட்காரும். ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாலைந்து பெட்டிகள். ஒன்றில் வெள்ளரிக் குச்சி, ஒன்றில் வேகவைத்த பேபி கார்ன், ஒன்றில் பட்டாணி, கடைசிப் பெட்டியில் டிப். தண்டவாளத்துக்கு நீள நீளமாகக் கேரட், குறுக்குக் கட்டைக்கு வெந்த பீன்ஸ். காலியாகக் காலியாக டப்பாவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டே இருக்கலாம். ரயில் ரயிலாகவே இருக்கும். அன்றைக்குப் பிள்ளைகள் தண்டவாளத்தையும் பெயர்த்துத் தின்றார்கள், அது வேறு விஷயம்.

பூந்தொட்டி, மீன் பிடிக்கும் படகு, காய்கறிச் சந்தை என்று எதையும் செய்யலாம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எடுத்தால் உருவம் சிதையுமா, எடுப்பதே விளையாட்டாகுமா?

வட்ட வில்லை

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரயில் என்றதும் சக்கரத்துக்குக் கேரட்டை வட்டமாக நறுக்கக் கை தானாகவே போகும். பச்சைக் கேரட் வில்லை கடினமானது, வழுக்கும், குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கிற அளவிலும் இருக்கும். முழுத் திராட்சையும் முழுச் செர்ரி தக்காளியும் அப்படித்தான். உருண்டையாக, மெத்தென்று இருப்பதால் தொண்டையில் போய் அடைப்பானைப் போல இறுகிக்கொள்ளும். என் மயிலின் கண் எந்தக் குழந்தையின் வாய்க்குள் போனதோ, எப்படிப் போனதோ என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நான்கு வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வந்தாலும் தட்டு முழுவதையும் அந்தக் குழந்தையை நினைத்தே தயார் செய்யுங்கள். "இது பெரியவங்களுக்கு, இது சின்னவங்களுக்கு" என்று பிரித்து வைத்தால் பிறந்தநாள் கூட்டத்தில் யாரும் பார்த்து எடுக்கப்போவதில்லை. கேரட்டை விரல் நீளக் குச்சியாக நறுக்கி ஆவியில் வேகவையுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். திராட்சையையும் செர்ரி தக்காளியையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே இரண்டாக வெட்டினால் அதே வட்டம்தான் மிஞ்சும். சக்கரம் வேண்டுமென்றால் பிஞ்சு வெள்ளரிக்காயை மெல்லிய அரைவட்டமாகச் சீவிப் பெட்டியோரம் சாய்த்து வையுங்கள். பாதிச் சக்கரம்தான், ஆனாலும் எந்தக் குழந்தையும் குறை சொன்னதில்லை.

ரயில் புகைக்குப் பாப்கார்ன் வைத்தால் பிரமாதமாக இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. அதுவும் சின்னக் குழந்தைகளுக்குப் புரையேறும் பண்டம். முழு வேர்க்கடலையும் முந்திரியும் அதே கணக்கு. காலிஃபிளவர் பூவை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் போட்டுப் பூச்சி போக்கி, மென்மையாக வேகவைத்து வைத்தேன். புகை மாதிரியே இருந்தது. கண்ணுக்கு மிளகு, கிராம்பு வைப்பதும் ஒட்டுக் கண்கள் வாங்கி ஒட்டுவதும் வேண்டாம். பிள்ளைகள் பார்க்காமல் வாயில் போட்டுவிடுவார்கள். பல்குச்சி அறவே கூடாது. ஒரு துண்டோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமானால் கெட்டித் தயிரையே பசையாகத் தடவிக்கொள்ளலாம்.

அப்புறம், உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். வாயில் காயோடு பலூன் பின்னால் ஓடவிடாதீர்கள்.

தொட்டுக்க என்ன?

டிப் என்றதும் ஏதோ வெளிநாட்டுப் பண்டம் என்று மிரண்டு, பாட்டில் மயோனைஸ் வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. நம் வீட்டில் தினமும் கேட்கிற "தொட்டுக்க என்ன?" என்ற கேள்விக்கு விடைதான் டிப். பொட்டுக்கடலைச் சட்னியைக் காரமில்லாமல், கொஞ்சம் கெட்டியாக அரைத்தால் வேலை முடிந்தது. குழந்தைக்கு அந்த ருசி ஏற்கெனவே பழக்கம். புதுக் காயோடு புது டிப்பும் சேர்ந்தால் இரண்டையும் ஒதுக்கிவிடும்.

வீட்டிலேயே பச்சை முட்டை அடித்து மயோனைஸ் செய்வதை விட்டுவிடுங்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். சூடுபடுத்தாத பண்டத்தில் அது சாகாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் ஓராண்டுத் தடை விதித்ததற்கும் இந்த வகைக் கிருமிகள் மேல் உள்ள பயம்தான் காரணம்.

எனக்குப் பிடித்தது கட்டித் தொங்கவிட்ட தயிர். அரை லிட்டர் புளிக்காத தயிரைச் சுத்தமான வேட்டித் துணியில் மூட்டை கட்டுங்கள். சமையலறைக் குழாயில் தொங்கவிட்டால் மே மாதத்தில் புளித்துப்போகும். வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரம் கொடுத்து, ஃபிரிட்ஜுக்குள் நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையுங்கள்.

மயிலின் காலடியில் தயிர் நீர்த்துப்போனது ஏன் என்று பிறகுதான் புரிந்தது. தயிரை வடிகட்டவில்லை, துருவிய வெள்ளரிக்காயைப் பிழியாமல் போட்டேன், உப்பையும் முன்கூட்டியே போட்டேன். உப்பு பட்டதும் வெள்ளரிக்காய் தன் தண்ணீரையெல்லாம் விட்டுவிடும். பச்சடியில் தினமும் பார்க்கிற விஷயம்தான், அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. துருவினால் ஒட்டப் பிழியுங்கள். உப்பைப் பரிமாறும்போது போடுங்கள். நறுக்கிய காய்க்கு உப்பே வேண்டாம்.

நிறத்துக்குக் கலர் பொடி எதற்கு? வேகவைத்த பீட்ரூட் விழுது ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு கிண்ணத் தயிர் ரோஸ் நிறமாகிவிடும். மல்லி, புதினா அரைத்துப் போட்டால் பச்சை. ஆனால் பீட்ரூட்டைத் துண்டாக நறுக்கித் தட்டில் வைக்காதீர்கள். அதன் சாயம் பக்கத்துக் காய், வாழையிலை, பிள்ளைகளின் புதுச்சட்டை என்று பாரபட்சமில்லாமல் ஏறும். நிறையச் சாப்பிட்ட குழந்தைக்கு மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போகலாம். ஒன்றும் ஆகாது, பீட்ரூட் சாயம்தான். ஆனால் அம்மாக்களிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கு உங்களுக்கு போன் வரும்.

அழைக்கும்போதே ஒவ்வாமை பற்றிக் கேட்டுவிடுங்கள். வேர்க்கடலைச் சட்னி, எள் சேர்த்த கொண்டைக்கடலை ஹம்மஸ், பால், முட்டை எல்லாமே சில குழந்தைகளுக்கு ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் நாக்கில் தடவக் கூடாது.

இன்னொன்று, ஒரே பெரிய கிண்ணம். ஒரு கடி, ஒரு தொடல், மறுபடி ஒரு கடி, மறுபடி ஒரு தொடல் என்று பத்துப் பிள்ளைகள் ஒரே கிண்ணத்தில் கைவைத்தால் ஒருவனின் ஜலதோஷம் பத்துப் பேருக்கும் போய்ச் சேரும். ரயிலின் கடைசிப் பெட்டியில் சுத்தமான ஸ்பூனோடு டிப்பை வைத்து, ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் கொடுத்துவிடுங்கள். "எனக்கே எனக்கு" என்பதில் பிள்ளைகளுக்குத் தனி சந்தோஷமும் உண்டு.

நேரம்

முந்தைய இரவே நறுக்கி, திறந்த தட்டில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைப்பது நம்மில் பலர் செய்வது. கேரட் காய்ந்து மேலே வெள்ளை படரும், வெள்ளரி வாடும். கழுவி நறுக்கியதை ஈரத்துணி சுற்றி, மூடி போட்ட டப்பாவில் தனித்தனியாக வையுங்கள். சோர்ந்த கேரட் குச்சியை ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும். அடுக்குவதற்கு முன் துணியால் ஒற்றியெடுங்கள். ஈரக் காயில் டிப் ஒட்டாது.

பீன்ஸையும் காலிஃபிளவரையும் பச்சையாக வைக்க வேண்டாம். ப்ராக்கோலியை உப்பு போட்டுக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றினால் பச்சை பளிச்சென்று நிற்கும். வாண்டுகள் வந்தால் இன்னும் கொஞ்சம் வேகட்டும். வெள்ளரிக்காயின் இரண்டு முனையையும் நறுக்கித் தள்ளிவிட்டு ஒரு துண்டு தின்று பாருங்கள். ஒரு கசப்பு வெள்ளரி போதும், அந்தக் குழந்தை ஒரு வருடத்துக்கு வெள்ளரி தொடாது.

வெளியே எடுத்து வைத்த தயிர் டிப்புக்கும் நறுக்கிய, வேகவைத்த காய்க்கும் இரண்டு மணி நேரம்தான் கெடு. நம் ஊர் வெயிலில், மொட்டை மாடிப் பந்தலில் வைத்தால் ஒரு மணி நேரம். பித்தளைத் தாம்பாளம் போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும். ஈயம் பூசாததாக இருந்தால் தயிரும் எலுமிச்சையும் பட்டுக் களிம்பு ஏறும். எவர்சில்வர் போதும்.

மயில் விழுந்த இன்னொரு குழியையும் சொல்ல வேண்டும்: கேக், சிப்ஸ், சமோசாவோடு சேர்த்துக் காய்த்தட்டை வைத்தது. சிப்ஸ் பக்கத்தில் இருக்கும்போது கேரட்டை எடுக்க அந்தப் பிள்ளைகள் என்ன ஞானிகளா? ரயிலை நான் கேக்குக்கு முக்கால் மணி நேரம் முன்னால், விளையாடிக் களைத்து எல்லாரும் "பசிக்குது" என்று வந்த நேரத்தில் இறக்கினேன். மேஜையில் வேறு எதுவும் இல்லை. ரயில் ஓடியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன்.

பட்டாணி அடைப்பதையும் பெட்டிகளை வரிசையாக வைப்பதையும் பிறந்தநாள் பையனிடமே விட்டேன். கோணல் மாணலாகத்தான் வந்தது, நான் சரிசெய்யவில்லை. தான் அடுக்கிய ரயிலை அவனே கூவி விற்றான்: "பட்டாணி வண்டி, பட்டாணி வண்டி!" நாம் "சாப்பிடு, சத்து" என்று ஆரம்பித்திருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். புதுக் காயைத் தொடாத குழந்தையை விட்டுவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகள் ஒரு கடி கடிப்பார்கள்.

அளவு விஷயத்தில் எல்லாரும் அதிகமாகத்தான் வாங்குகிறோம். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எல்லாக் காயும் சேர்த்து ஒன்றரைக் கிலோ தாராளம். தட்டில் கிடந்து கைபட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டப்பாவில் தொடாமல் மிஞ்சியதையும், நடுவே நிரப்ப வைத்திருந்த குடைமிளகாயையும் மறுநாள் காலை சேமியாவில் போட்டுக் கிளறினேன். தட்டில் பார்த்ததும் மருமகன் கேட்டான், "இது இன்ஜினா, பெட்டியா?"