மைனஸ் மூன்றுக்கு வர்க்கம்: அடைப்புக்குறி விட்டுப்போகும் இடம்

அ = −3 என்று கொடுத்து அ²-இன் மதிப்பைக் கேட்டால், பலர் −9 என்று எழுதிவிடுகிறார்கள். "மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்" எல்லோருக்கும் மனப்பாடம். பிசகு அங்கே இல்லை. அ-வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் −3 என்று எழுதும்போதே கணக்கு வேறாகிவிடுகிறது. அடுக்கு தன்னை ஒட்டி நிற்பதை மட்டும்தான் பிடிக்கும். −3² என்றால் 3-க்குத்தான் வர்க்கம், மைனஸ் வெளியே நிற்கும்; விடை −9. (−3)² என்றால் மைனஸும் அடிமானத்தில் சேர்த்தி, விடை 9.

ஒரு கணக்கை முழுசாகப் பார்ப்போம். அ = −3, ப = −2 எனில் 2அ² − 3அப − ப³ எவ்வளவு?

எண்ணை எழுதுவதற்கு முன், எழுத்து இருந்த இடத்திலெல்லாம் காலி அடைப்புக்குறி போடுங்கள்:
2( )² − 3( )( ) − ( )³

இப்போது எண்களை உள்ளே வையுங்கள்:
2(−3)² − 3(−3)(−2) − (−2)³

அடுக்குகளை முதலில் முடியுங்கள்:
2 × 9 − 3 × 6 − (−8) = 18 − 18 + 8 = 8

அடைப்புக்குறி இல்லாமல் போட்டால் முதல் உறுப்பு −18 ஆகி, விடை −28-இல் போய் நிற்கும். கடைசி உறுப்பு மட்டும் அப்போதும் +8 என்றே வரும், ஏனென்றால் (−2)³, −2³ இரண்டுமே −8. ஒற்றைப்படை அடுக்கு இந்தத் தவறை இப்படி மூடி மறைத்துவிடும். கனத்தில் தப்பித்தவர் நான்காம் அடுக்கில் மாட்டிக்கொள்வார்: (−2)⁴ = 16, −2⁴ = −16. ஆகவே பயிற்சிக்கு இரட்டைப்படை அடுக்குகளையே அதிகம் எடுங்கள்.

2அ²-இல் கெழுவையும் சேர்த்து வர்க்கமாக்கி, (−6)² = 36 என்பது இன்னொரு வழக்கமான பிழை. அந்த 2-க்கு அடுக்கு கிடையாது. (−2)³-ஐ −6 என்பவர்கள் அடுக்கால் பெருக்கிவிடுகிறார்கள். அடுக்கிலேயே மைனஸ் வந்தால் அது தலைகீழாக்கச் சொல்கிறது, விடையின் குறியை மாற்றச் சொல்லவில்லை: 2⁻³ = 1/8. பூச்சிய அடுக்கிலும் அதே அடைப்புக்குறி விவகாரம்தான்: (−5)⁰ = 1, −5⁰ = −1.

விடையை எக்செல்லில் சரிபார்ப்பவர்கள் ஜாக்கிரதை. =-3^2 என்று தட்டினால் அது 9 என்கும்; முன்னால் வரும் மைனஸை அது முதலில் எண்ணோடு ஒட்டிவிடும். பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்றால் (அங்கே ** தான் அடுக்குக் குறி) −9. எக்செல்லிலும் −9 வேண்டுமென்றால் =-(3^2) என்று தட்டுங்கள்.