வீட்டுப் பெரியவர்கள் விழாமல் இருக்க: நாம் செய்யும் தவறுகள்

"வயசான காலத்துல எதுக்கு நடக்கிறீங்க, சும்மா உட்காருங்க." அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் முதல் தவறே இதுதான். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைத்துவிடும்; கால் இடறினால் சுதாரித்துக்கொள்ள வலு இருக்காது. ஒருமுறை விழுந்தவரைப் பயந்துபோய்க் கட்டிலோடு முடக்குவது அதைவிட மோசம். சுவரோரம் கனமான நாற்காலியைப் போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, தினமும் சில தடவை எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், நழுவும்.

ராத்திரி நேரம்தான் பெரிய கவலை. சிறுநீர் முட்டும்போது விளக்கைக்கூடப் போடாமல் சட்டென்று எழுந்து நடப்பார்கள். படுக்கையிலிருந்து எழும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை எல்லாமே இதைக் கூட்டக்கூடியவை. கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை ஆட்டிவிட்டு எழட்டும். தலை சுற்றுகிறது என்றால் டாக்டரிடம் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் பாத்ரூம். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுவதை அனுமதிக்கவே கூடாது. அது ஆள் எடையைத் தாங்காது, திருகாணியோடு பெயர்ந்து வந்துவிடும். சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி வேண்டும். உள்தாழ்ப்பாளும் வேண்டாம். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். நம்மால் உள்ளே போகவே முடியாது. முடிந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள்.

தேய்ந்த ஹவாய் செருப்பு, நழுவும் மிதியடி, தரையில் புரளும் நைட்டி இவற்றை இன்றே மாற்றிவிடலாம்.

விழுந்துவிட்டால் திட்டாதீர்கள்; அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். இடுப்பு வலித்துக் காலை ஊன்ற முடியவில்லையென்றால் நடக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில நாட்கள் கழித்துக்கூட மயக்கமோ குழப்பமோ வரலாம்.