உமியில் ஓடும் நெல் உலர்த்தி: பட்டறைக்குப் போக முன்னம் போட வேண்டிய கணக்கு

பெரும்போக வெட்டு தொடங்கினால் படுவான்கரையிலும் சரி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் சரி, ரோட்டோரம் முழுக்கப் படங்கு விரித்து நெல்தான். மெசினில் வெட்டி வரும் நெல்லில் ஈரம் அனேகமாக 20 வீதத்துக்கு மேல் இருக்கும், தை மாத மழையை நம்பவும் முடியாது, அதனால் ஈர நெல்லை வைத்திருக்க வழியில்லாமல் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வரும் விவசாயிகள் நிறையப் பேர். அதே ஊர் மில்லின் பின்பக்கம் உமி குவிந்து கிடக்கிறது. இந்த இரண்டையும் சேர்க்கும் உலர்த்தியை நம்மூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்யலாம்: அடியில் காற்றறை, மேலே துளைத் தகடு, தகட்டின் மேல் நெல், ஒரு பக்கம் விசிறி, விசிறிக்கு முன்னால் உமி அடுப்பு. ஆனால் இரும்பு வாங்க முன்னம் ஒரு தாளும் பேனையும் எடுங்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 1000 கிலோ நெல், ஈரம் 20 வீதம் என்றால் அதில் உலர்ந்த பொருள் 800 கிலோ. களஞ்சியத்தில் வைக்க ஈரம் 14 வீதத்துக்கு இறங்க வேண்டும், அப்போது மொத்த நிறை 800 ÷ 0.86, அதாவது 930 கிலோ. ஆகவே வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 70 கிலோ. பலர் 20-இலிருந்து 14-ஐக் கழித்து 60 கிலோ என்று எழுதிவிடுவார்கள், அது பிழை, ஏனென்றால் நிறையும் கூடவே குறைகிறது.

பெட்டியின் அளவுக்கு வருவோம். ஒரு கன மீட்டர் நெல் ஏறத்தாழ 580 கிலோ நிற்கும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் பெட்டியில் 30 சென்ரிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் ஒரு தொன் பிடிக்கும். இடம் போதவில்லை என்று உயரத்தைக் கூட்டாதீர்கள். காற்று கீழிருந்து மேலே போவதால் அடி நெல் முதலில் காய்ந்து, மேல் நெல் ஈரமாகவே நிற்கும், உயரம் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும். 30 சென்ரிமீட்டரிலேயே பாதி நேரத்தில் ஒரு தடவை கிளறிவிட வேண்டியிருக்கும். துளைத் தகடு வாங்கக் கடைக்குப் போகும்போது பொக்கற்றில் ஒரு பிடி சம்பா நெல்லும் கொண்டு போங்கள். தகட்டில் போட்டுக் குலுக்குங்கள், நெல் துளைக்குள் விழுந்தாலோ குத்தி நின்றாலோ அந்தத் தகடு வேண்டாம்.

காற்று, செக்கனுக்கு 1 கன மீட்டர் என்று வையுங்கள். 28 பாகையில் வரும் வெளிக்காற்றை 43 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 17 கிலோவாட் வெப்பம் வேண்டும், எட்டு மணித்தியாலம் ஓடினால் 490 மெகாஜூல். ஒரு கிலோ உமி 14 மெகாஜூல் அளவு தரும், அடுப்பில் பாதி வீணாகும் என்று எடுத்தாலும் 70 கிலோ உமி போதும். ஒரு தொன் நெல்லைக் குத்தினால் கிடைக்கும் உமியோ 200 கிலோ அளவில். விறகோ டீசலோ தேவைப்படாது என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

43 பாகையைத் தாண்ட விடாதீர்கள், விதைநெல் என்றால் கட்டாயம். சாப்பாட்டு நெல் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், ஆனால் அவசரப்பட்டுக் காய வைத்தால் மணிக்குள் வெடிப்பு விழும், குத்தும்போதுதான் குறுநொய்யாக வெளியே தெரியும். காற்றறைக்குள் ஒரு வெப்பமானி நிரந்தரமாக இருக்கட்டும்.

விசிறியில்தான் காசு வீணாகிறது. 30 சென்ரிமீட்டர் நெல்லையும் குழாய்களையும் தாண்டிக் காற்றுப் போக 250 பாஸ்கல் அழுத்தம் என்று வைத்தால், காற்றுக்குத் தேவையான வலு 250 வாட். பட்டறையில் செய்த விசிறிக்கு வினைத்திறன் 40 வீதம் என்றாலும் 625 வாட், ஆக ஒரு குதிரைவலு மோட்டர் போதும். மேசைக்கோ சுவருக்கோ வைக்கும் விசிறி இந்த அழுத்தத்துக்கு நிற்காது, மையவிலக்கு விசிறி (புளோவர்) போன்றது வேண்டும். காற்றுக் காணாது என்று புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்ட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: வேகம் 10 வீதம் கூடினால் வலு 33 வீதம் கூடும், மோட்டர் எரிவது இப்படித்தான்.

அழுத்தம் பார்க்க விலை கூடிய கருவி தேவையில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயை ப வடிவில் நிமிர்த்திக் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றறைக்குள் விடுங்கள். இரண்டு பக்கத் தண்ணீரின் உயர வித்தியாசம் 25 மில்லிமீட்டர் என்றால் அதுதான் 250 பாஸ்கல். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, பெட்டி மூலைகளைப் பாருங்கள். வித்தியாசம் கூடி, காற்றும் பலவீனமாக வந்தால் பதரும் தூசும் இடைவெளிகளை அடைத்திருக்கும், நெல்லைத் தூற்றிவிட்டுப் போடுங்கள். காற்று வேகத்தை நெல்லின் மேல் அளக்க வேண்டாம், அங்கே செக்கனுக்கு 17 சென்ரிமீட்டர்தான் இருக்கும், கைக்கருவிகள் அதைச் சரியாகக் காட்டா. 40 சென்ரிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அளந்தால் 8 மீட்டர் அளவில் வர வேண்டும். நடுவிலும் ஓரங்களிலும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

அடுப்பு விஷயத்தில் ஒரே பிடிவாதம்: புகை நெல்லுக்குள் போகக் கூடாது. புகை இரும்புக் குழாய்களுக்குள்ளால் போய்ப் புகைபோக்கியில் ஏறட்டும், சுத்தமான காற்று அந்தக் குழாய்களைச் சுற்றிச் சூடாகி விசிறிக்கு வரட்டும். இதனால் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் அரிசியில் புகை மணம் வராது, தீப்பொறி நெல்லில் விழாது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் விசிறி இறக்கையை உரசித் தேய்த்துவிடும், அந்தத் தொல்லையும் இல்லை. சாம்பல் அள்ளும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

சரி, ஓட்டியாயிற்று, நெல்லும் காய்ந்தது. நல்ல மெசினா என்று எப்படித் தெரியும்? அதே வயல் நெல்லில் சில கிலோவை எடுத்து நிழலில் மெதுவாகக் காய வையுங்கள். இரண்டும் ஒரே ஈரத்துக்கு வந்த பின் ஒரே மில்லில், ஒரே நாளில் குத்தி, நூறு கிராமில் முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்று தனித்தனியாக நிறுங்கள். நிழல் நெல்லை விட நொய் கூடினால் சூட்டைக் குறைத்துத் திரும்ப ஓட்டுங்கள். பெட்டியின் நான்கு மூலையிலும் நடுவிலும், மேல் அடி இரண்டிலும் ஈரம் அளந்து குறியுங்கள், எரிந்த உமியையும் மின்மானி வாசிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்தக் குறிப்புக் கொப்பியோடு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ அம்பாறை ஹார்டி உயர் தொழினுட்ப நிறுவனத்துக்கோ போனால், மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதை எடுப்பீர்களா என்று எண்களை முன்னால் வைத்தே கேட்கலாம். பட்டறைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த வெல்டிங் எங்கே வெடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.