மூக்குச் சதைக்கு மருந்து: ஒப்பிடும்போது விடும் பிழைகள்

மலைநாட்டுக் குளிரில் மூக்கடைத்தால் தடிமன் அல்லது பீனிசம் என்று விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் அடைத்து, தேத்தண்ணி மணம்கூடத் தெரியாவிட்டால் உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தம் கசிந்தால் மருந்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கட்டியாகவும் இருக்கலாம், உடனே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள்.

எது சீக்கிரம் மூக்கைத் திறக்கிறது என்று பார்ப்பதுதான் பெரிய பிழை. அப்படிப் பார்த்தால் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தே ஜெயிக்கும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்குமே தவிர, சதையைக் கரைக்காது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மூக்கில் விட்டுவந்தால் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

மொமெட்டசோன், புளூட்டிக்கசோன் போன்ற ஸ்டீரொய்ட் ஸ்பிறேக்கள் மெதுவானவை. நாலு முதல் எட்டு வாரம் தினமும் அடித்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம். பலர் மருந்தைக் குறை சொல்கிறார்கள், பிழை அடிக்கும் விதத்தில் இருக்கிறது. தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் இரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

ஸ்பிறேக்கு முன் உப்புத் தண்ணீரால் கழுவுவது நல்லது. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கும். அதனால் கொதி வந்த பின் இன்னும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள்.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையில் சில நாளிலேயே மணம் திரும்பும். அதனால் ஸ்பிறேயைவிட உசத்தி என்று தோன்றும், ஆனால் சில மாதங்களில் அந்தப் பலன் போய்விடும். பழைய மருந்துத் துண்டைக் காட்டி பாமசியில் திரும்பத் திரும்ப வாங்கினால் சீனி ஏறும், எலும்பும் கண்ணும் கெடும்.

டுபிலுமாப், ஒமாலிசுமாப், மெப்போலிசுமாப் ஊசிகளை மூக்குச் சதைக்குப் போட அமெரிக்கா 2019, 2020, 2021இல் முறையே அனுமதி தந்தது. அனுமதிக்கு முந்தைய ஆய்வுகள் இவற்றை ஒன்றோடொன்று மோதவிடவில்லை. எல்லோருக்கும் ஸ்பிறேயும் கொடுத்து, மருந்தில்லாத வெற்று ஊசியோடுதான் ஒப்பிட்டன. ஆகவே ஓர் ஆய்வின் எண்ணை இன்னோர் ஆய்வின் எண்ணோடு வைத்துப் பார்ப்பது தவறு. ஊசி தொடங்கியதும் ஸ்பிறேயை நீங்களாக நிறுத்துவதும் தவறுதான்.

சதையோடு ஆஸ்துமாவும் இருப்பவர்கள் மேல்வலிக்கு அஸ்பிரின், டைக்குளோபெனக், இபுபுரோபென் போடுமுன் வைத்தியரைக் கேளுங்கள். சிலருக்கு ஒரே குளிசையில் மூச்சுத்திணறல் வந்துவிடும்.