ஐடி வேலையை விட்டுச் சட்டம் படிக்கலாமா என்று தவிக்கிறவர்களுக்கு

கையில் மாதச் சம்பளமும் வீட்டில் ஒரு குழந்தையும் இருக்கும்போது மறுபடி கல்லூரிக்குப் போகலாமா என்ற யோசனை பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும், வந்தால் தூங்க விடாது. நான் 34 வயதில் மென்பொருள் வேலையை விட்டு மூன்று வருட எல்.எல்.பி. சேர்ந்தேன். அதற்கு முன் ஒன்றரை வருடம் யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்ததால் ஒரு சந்தேகம்கூடத் தீரவில்லை, நேரில் போய்ப் பார்த்தும் கணக்குப் போட்டும்தான் தீர்ந்தது.

முதலில் கோர்ட்டுக்குப் போங்கள். ராஜினாமா, விண்ணப்பம் எல்லாம் அப்புறம். சில வகை வழக்குகளைத் தவிர மற்றவை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, வழக்கில்லாதவரும் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கலாம். ஐந்து நாள் லீவு போட்டு, செல்போனை அணைத்துவிட்டு, உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் காலையிலிருந்து உட்காருங்கள். வழக்கு எண்ணைக் கூப்பிடுவார்கள், ஒரு ஜூனியர் வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார், வாய்தா, அடுத்த வழக்கு. குறுக்கு விசாரணை இருக்கிறதென்று அரை நாள் காத்திருப்பீர்கள், சாட்சி வரவில்லை என்று அதுவும் தள்ளிப்போகும். ஜூனியர்கள் வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவார்கள். உங்கள் முதல் சில வருடங்கள் அப்படித்தான் இருக்கும். நான்காவது நாளும், அங்கே கேட்ட ஒரு பாகப்பிரிவினை வழக்கில் தங்கைக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள மனசு துடித்தால் தாராளமாக மேலே படியுங்கள். இரண்டாம் நாளே கசந்துவிட்டால், உங்களுக்கு வேண்டியது வேறு துறையா அல்லது வேறு மேனேஜரா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேனேஜர்தான் பிரச்சினை என்றால் கம்பெனி மாறினால் போதும், மூன்று வருடம் வேண்டாம்.

தகுதியைப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஏதாவது ஒரு பட்டம், அதில் 45 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40). தமிழ்நாட்டில் மூன்று வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பட்டப்படிப்பு மதிப்பெண்தான் கணக்கு. பிளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம், பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல்.

அடுத்தது பணம். பலரும் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். அரசு சட்டக் கல்லூரி கிடைத்தால் அது பெரிய செலவே இல்லை. பெரிய செலவு, நீங்கள் வாங்காமல் போகும் சம்பளம்தான். வீட்டுச் செலவு மாதம் 35,000 என்றால் 36 மாதத்துக்கு 12,60,000 ரூபாய். அதோடு முடியவில்லை, ஜூனியராக இருக்கும் முதல் இரண்டு வருடம் மாதம் 10,000 கிடைக்கிறதென்று வைத்தால் மீதி 25,000-ஐ நீங்கள்தான் போட வேண்டும், அது 6 லட்சம். ஆக 18,60,000. ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உண்மைதான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், சேரப்போகும் சீனியரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மனைவியோ கணவரோ சம்பாதித்தால் அந்தத் தொகையைக் கழியுங்கள், ஆனால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, காகிதத்தில் எழுதிக் கழியுங்கள். நான் அதைச் செய்யாமல் முதலில் அப்பாவிடம் போய்ச் சொன்னேன், வீட்டில் ஒரு மாதம் சரியாகப் பேச்சே இல்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம், வகுப்புக்கு வரவே வேண்டாம், ஹால் டிக்கெட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு ஏஜென்ட் கட்டாயம் உங்களிடம் வருவார். தயவுசெய்து வேண்டாம். 70 சதவீத வருகை, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி, அஞ்சல் வழி எல்.எல்.பி.க்கு அங்கீகாரமே கிடையாது. விதியை விடுங்கள், நாளைக்கு ஒருவர் தன் நிலப் பத்திரத்தை உங்களை நம்பித்தானே கொடுக்கப்போகிறார்.

படிப்பு முடிந்து பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்த பிறகும் ஐடி வேலையைத் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125, அதற்கு மேல் வாங்கக் கூடாதென்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதன் பிறகு, தொழிலைத் தொடரத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வும் உண்டு.

வயதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். என் வகுப்பில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், 22 வயதுப் பையன்கள் தேர்வுக்கு முன் அவர் நோட்டுக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு, பழைய சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லும் சீனியர்களே பிரிவு எண்களைப் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. அந்த வகையில் இப்போது நுழைகிறவர் ரொம்பப் பின்தங்கியவர் இல்லை.

விண்ணப்பிப்பதற்குள் பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் நான்கையும் தேடி எடுத்து வையுங்கள். பத்து வருடத்துக்கு முன் படித்த கல்லூரியில் டி.சி. நகல் வாங்குவதற்கே எனக்கு மூன்று நடை ஆனது, அதனால் அதை முதலில் பாருங்கள்.