ஸ்மார்ட் கார்டு, தரவுப் பாதுகாப்புப் பங்குகள்: வாங்குவதற்கு முன் படிப்படியாகப் பார்க்கவேண்டியவை

ஏடிஎம் கார்டின் முகப்பில் தங்க நிறத்தில் மின்னுகிறதே, அது சிப் இல்லை. இயந்திரம் தொட்டுப் பேசுவதற்கான தகடு அது. சிப் அதற்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. 0.76 மி.மீ. கனமுள்ள அந்த அட்டையைச் சுற்றி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத லாபக் கணக்கோடு மூன்று தொழில்கள் நடக்கின்றன. எந்தத் தொழிலில் பணம் போடுகிறோம் என்றே தெரியாமல் வாங்குவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் தவறு. கீழே வரும் பெயர்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், வாங்கச் சொல்லும் பட்டியல் அல்ல.

படி 1: எந்தத் தொழில் என்று பிரியுங்கள்

சிப் செய்பவர்கள் ஒரு ரகம்: இன்ஃபினியன், என்எக்ஸ்பி, எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ். கார்டு சிப் இவர்களுக்குப் பக்க வியாபாரம். கார்களுக்கான சிப் விற்பனை படுத்தால் பங்கும் படுத்துவிடும்.

கார்டு அடிப்பவர்கள் அடுத்த ரகம். பிளாஸ்டிக் அடுக்குகளை அழுத்தி, சிப்பைப் பதித்து, வாடிக்கையாளர் பெயரையும் வங்கியின் ரகசியச் சாவிகளையும் ஏற்றி அனுப்புவது இவர்கள் வேலை. ஆலைக்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே சான்றிதழ் வேண்டும். புதிதாக ஒருவர் சுலபமாக உள்ளே நுழைய முடியாது. உலகின் பெரிய கைகளான ஐடெமியாவும் ஜீசெக்கே டெவ்ரியன்ட்டும் பங்குச்சந்தையில் இல்லை. தேல்ஸ் இருக்கிறது, ஆனால் அதன் பெரும் வருமானம் ராணுவத் தளவாடமும் விமானத் துறையும். இந்தியாவில் 2025 செப்டம்பரில் பட்டியலான சேஷசாயி டெக்னாலஜீஸ் கார்டோடு காசோலைத் தாள்களும் அச்சிடுகிறது.

மூன்றாவது ரகம் மென்பொருள்: டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் தரும் இமுத்ரா, வைரஸ் தடுப்பு விற்கும் குயிக் ஹீல் போன்றவை. ஆண்டுச் சந்தாதான் இங்கே உயிர்நாடி.

படி 2: கெடு எப்போது என்று தேடுங்கள்

கார்டு ஆலைகளின் ஆர்டரை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் அரசும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புகளும் வைக்கும் கெடுதான். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல், சிப்புக்கு மாறாத தரப்பின் தலையில் மோசடி நஷ்டம் விழும் என்று விதி வந்தது. வங்கிகள் முண்டியடித்து கார்டு வாங்கின. அதே மாதம் கார்டு அடிக்கும் சிபிஐ (CPI) கார்டு குரூப் 10 டாலர் விலையில் பங்கு வெளியிட்டது. கெடு தாண்டியதும் வங்கிகளின் அலமாரி நிறைந்திருந்தது, ஆர்டர் நின்றது. 2015-ல் சுமார் 37 கோடி டாலராக இருந்த அதன் விற்றுமுதல் 2017-ல் சுமார் 25 கோடிக்கு வந்தது. அந்த டிசம்பரில் 5 பங்கை 1 ஆகச் சுருக்க வேண்டியதாயிற்று. இன்னொரு பெரிய கார்டு நிறுவனமான ஜெமால்டோவும் அதே காற்றில் அடிபட்டு, அடுத்தடுத்து லாப எச்சரிக்கை விடுத்து, 2019-ல் தேல்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தியாவில் காந்தப்பட்டைக் கார்டுகளை மாற்ற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2018 டிசம்பர் 31. இப்படிப்பட்ட கெடுவை ஒட்டிய ஆண்டில் லாபம் உச்சத்தில் இருக்கும், அதனால் பி.இ. விகிதம் (பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த எண்) மலிவாகத் தெரியும். அந்த மலிவுதான் பொறி. ஓர் ஆண்டு லாபத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஐந்து ஆண்டுச் சராசரியைப் போடுங்கள்.

படி 3: வரவேண்டிய பாக்கியை நாளாக மாற்றுங்கள்

ஆண்டறிக்கையில் எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். விற்றுமுதல் 200 கோடி ரூபாய், வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டியது 80 கோடி என்று வையுங்கள். 80-ஐ 200-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 146 நாள். அதாவது சரக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துத்தான் காசு வருகிறது. அரசுத் துறைகளோடு தொழில் செய்தால் இழுபடத்தான் செய்யும். எண்ணை விட அது போகும் திசை முக்கியம். மூன்று ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள். விற்பனை 15 சதவீதம் கூடி, பாக்கி 40 சதவீதம் கூடியிருந்தால், மார்ச் கடைசியில் டீலர்கள் தலையில் சரக்கைக் கட்டிக் கணக்குக் காட்டியிருக்கலாம். கடை கடையாகப் போகும் மென்பொருள் பெட்டிகளில் இது நடக்கக்கூடியது.

அதே கையோடு, ஐந்து ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள். தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தையும் ஐந்து ஆண்டுக்குக் கூட்டுங்கள். ரொக்கம் பாதிகூட இல்லையென்றால் லாபம் காகிதத்தில்தான் இருக்கிறது. இன்னொரு சந்து: பொறியாளர் சம்பளத்தைச் செலவில் எழுதாமல் ‘உருவாக்கத்தில் உள்ள மென்பொருள்’ என்று சொத்துப் பக்கத்தில் ஏற்றுவது. கணக்கியல் விதி இதற்கு இடம் தருகிறது. ஆனால் தொகை ஆண்டுக்கு ஆண்டு வீங்கினால் லாபத்திலிருந்து அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

படி 4: முதல் வாடிக்கையாளர் எவ்வளவு?

பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் தளத்தில் கிடைக்கும் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் இடர் பகுதியைத் திறந்தால், முதல் பத்து வாடிக்கையாளர்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று இருக்கும். பான் அட்டைப் பணிகளைச் செய்யும் புரோட்டியன் (Protean) நிறுவனம், 2025 மே மாதம் பான் அமைப்பைப் புதுப்பிக்கும் பான் 2.0 திட்ட ஏலத்தில் தேர்வாகவில்லை. அறிவிப்புக்கு அடுத்த வர்த்தக நாளிலேயே பங்கு 20 சதவீதம் இறங்கியது. இப்படிச் சந்தை திறக்கும்போதே விழும் பங்கில், ஸ்டாப் லாஸ் (விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு என்ற ஆணை) போட்டிருந்தாலும் நீங்கள் கேட்ட விலை கிடைக்காது. அதனால் காப்பு, வாங்கும் அளவில்தான் இருக்கிறது: இந்தத் துறை முழுவதற்கும் சேர்த்தே உங்கள் பங்கு முதலீட்டில் 5 சதவீதத்துக்குள் வையுங்கள்.

படி 5: வாங்குதல்

பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கும், புரோக்கரிடம் வர்த்தகக் கணக்கும் வேண்டும். 30,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால் 10,000 வீதம் மூன்று தவணை. ஒவ்வொரு காலாண்டு முடிவையும் பார்த்த பிறகு ஒன்று. சின்ன நிறுவனங்களில் வாங்குவோர் விற்போர் குறைவு, அதனால் கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் விலை எகிறிவிடும். நீங்கள் உச்ச விலை குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ பலகைப் பங்குகளை லாட் (நிர்ணயித்த எண்ணிக்கை கொண்ட கட்டு) கணக்கில்தான் வாங்கவும் விற்கவும் முடியும். ஒரு லாட்டே லட்ச ரூபாயைத் தொடலாம் என்பதால் ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

வாங்கிய பங்கு அடுத்த வர்த்தக நாள் டீமேட்டுக்கு வந்துவிடும். 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீத வரி. அதற்குப் பிறகு விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். காலாண்டு முடிவுகள் 45 நாளுக்குள், மார்ச் ஆண்டு முடிவுகள் 60 நாளுக்குள் வரவேண்டும். வந்த அன்று லாபத்தை விட்டுவிட்டு, பாக்கி நாளையும் ஆர்டர் பற்றிய வரியையும் முதலில் தேடுங்கள். பாக்கித் தொகை இருக்கும் இருப்புநிலைக் குறிப்பு செப்டம்பர், மார்ச் முடிவுகளோடுதான் கட்டாயம் வரும். ஆகவே பாக்கிக் கணக்கை ஆண்டுக்கு இருமுறை போட்டால் போதும்.