டாங்கோ: வம்பெல்லாம் கையில்தான்

டாங்கோ என்கிற ஜோடி நடனத்தின் வகுப்பில் முதல் மூன்று மாதம் நன்றாக ஆடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓச்சோவுக்கு, அதாவது தரையில் எட்டுப் போடுவது போலக் கால் திரும்பும் அசைவுக்கு, ஜோடியின் கையைப் பிடித்து ஓர் இழு இழுப்பேன். அவரும் திரும்பிவிடுவார். ஒருநாள் பாட்டு முடிந்ததும் தோளைத் தேய்த்துக்கொண்டே, "நான் என்ன ஊறுகாய் ஜாடி மூடியா, இப்படித் திருகுறீங்க?" என்று கேட்டார்.

அர்ஜென்டினா டாங்கோவில் ஜோடியை அணைத்துப் பிடிப்பதற்கு அப்ராசோ என்று பெயர். ஆட்டத்தை வழிநடத்தும் லீடரின் வலது கை, அவரைத் தொடர்ந்து ஆடும் ஃபாலோயரின் முதுகைச் சுற்றியிருக்கும்; இடது கை அவருடைய வலது கையைப் பிடித்திருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கைதான் ஆட்டுவிப்பதாகத் தோன்றும். ஆனால் சேதி போவது நெஞ்சிலிருந்து. லீடர் மார்பைத் திருப்பினால் ஃபாலோயரின் மேலுடம்பு கூடவே திரும்பும், இடுப்பு சற்றுத் தாமதித்து வரும். ஈரத்துணியைப் பிழியும்போது விழுமே, அந்த மாதிரி ஒரு முறுக்கு. இது வராதவர்கள்தான் கையால் இழுத்துச் சமாளிக்கிறார்கள்.

எனக்குப் பலித்த மருந்தைச் சொல்கிறேன். லீடர் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபாலோயர் இரு உள்ளங்கைகளையும் அவர் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே ஒரு பாட்டு முழுக்க நடங்கள், வெறும் நடை. முதல் நாள் எங்களால் நாலு அடி சேர்ந்தாற்போல் வைக்க முடியவில்லை.

அடுத்தது எடை. ஜோடியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாமலே லீடர் அடி எடுத்து வைப்பார், கால் மிதிபடும். தொடங்கும் முன் நின்ற இடத்திலேயே இருவரும் மெல்ல எடையை இடமும் வலமும் மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். குனிந்து காலைப் பார்ப்பதிலும் இதே சிக்கல்: தலை முன்னே போனால் பாரம் எதிரில் இருப்பவர் மேல் விழும்.

ஃபாலோயரின் தவறு வேறு மாதிரி. தொடக்கத்தில் பல இடங்களில் எட்டு அடிப் பாடம் ஒன்று சொல்லித்தருவார்கள். அதில் ஐந்தாம் அடியில் ஃபாலோயரின் இடது கால் வலது காலுக்கு முன்னால் குறுக்கே வரும். வாய்ப்பாடு போல அது மனப்பாடமாகிவிட, லீடர் கேட்காமலே ஐந்தில் கால் குறுக்கே போய்விடுகிறது. அவரோ மூன்றிலேயே நிற்க நினைத்திருப்பார்! இதில் லீடருக்கும் பங்கு உண்டு. தினமும் அதே எட்டை அதே வரிசையில் ஆடினால் யார்தான் ஊகிக்க மாட்டார்கள்?

அப்புறம் இசை. கார்லோஸ் டி சார்லி இசைக்குழுவின் பாட்டுகள் நிதானமாக நடக்க இடம் தரும். ஹுவான் டாரியென்சோ குழுவின் தாளம் விரட்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி அடி வைப்பவர் காதில் பஞ்சு வைத்திருக்கிறாரோ என்று தோன்றும். பந்தோனியன் என்கிற துருத்தி வாத்தியம் ஒரு சுரத்தை இழுக்கும்போது அசையாமல் நின்றுவிடலாம். அதுவும் ஆட்டம்தான்.

மிலோங்கா என்கிற ஆட்டக்கூடத்தில் ஜோடிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரிசையாகச் சுற்றும். அந்த நெரிசலில் காலைப் பின்னால் வீசும் போலேயோவை உயரத் தூக்கினால் அடுத்தவர் முழங்காலைக் குதிகால் பதம் பார்க்கும். ஆட்டத்தின் நடுவே ஜோடிக்குப் பாடம் எடுப்பதும் வேண்டாம். பாட்டுகள் மூன்று நான்காகச் சேர்ந்து ஒரு டாண்டாவாக வரும். அது முடியும்வரை ஒரே ஜோடியுடன் ஆடுவது வழக்கம். இது தெரியாமல் முதல் பாட்டு முடிந்ததுமே மரியாதையாக "கிராசியாஸ்" என்றேன். நடுவில் நன்றி சொன்னால் 'போதும்' என்று அர்த்தமாம். அவர் சிரித்துத் தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். மீதி மூன்று பாட்டையும் சுவரோரம் நின்று கேட்டேன்.